எதிர்ப்பும் பொறையும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, தமிழாசிரியன் ஆதலின் சங்கச் சான்றோரைப் பற்றியோ கந்தபுராண கலாசாரத்தைப் பற்றியோ யாம் எழுதுவோம் என்று அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை எழுத எம்மினும் வல்லார் பழைய மாணவருள்ளேயே பலர் உளர். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ எலி, நிணநீர், மார்பென்பின் பின்னுள்ள ஒரு சிறு சுரப்பி என்பன பற்றியது. தமிழாசிரியனுக்கு இதில் என்ன அலுவல் என வினவுவார்க்கு எம் விடை ஓர் ஒற்றெழுத்தில் அடங்கியுளது. அதனை முதலிற் சொல்லிவிடுகின்றோம்.

2021ஆம் ஆண்டு, கொள்ளைநோய்க் காலம். எம் அயலில் மூலிகைப் பானம் காய்ச்சிப் போத்தலில் அடைத்து விற்கும் ஒருவர், அதற்கு ஒரு துண்டுப்பிரசுரம் அச்சிட எண்ணி, எழுத்துப்பிழை பார்த்துத் தருமாறு எம்மிடம் கொணர்ந்தார். அதில் 'நோய் எதிர்ப்பு சக்தியை பன்மடங்கு பெருக்கும்' என்றொரு வரி இருந்தது. யாம் சிவப்பு மையால் 'எதிர்ப்புச் சக்தியைப் பன்மடங்கு' எனத் திருத்தினோம். இரண்டு ஒற்றுக்களை இட்ட மகிழ்ச்சியோடு தாளைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் கைம்மாறாக ஒரு போத்தல் தந்தார், அதனையும் வாங்கிக்கொண்டோம். அவ் வரியின் பொருள் சரியா என்று ஒரு கணமும் யாம் எண்ணினோமல்லோம்.

அடுத்த ஆண்டு எம் வகுப்பில், ஒன்பதாம் தரத்தில், ஒரு சிறுவன் இருந்தான். பேச்சுப் போட்டிகளில் எம் கல்லூரிக்குப் பெயர் வாங்கித் தருபவன். சில கிழமைகளில் அவன் மிக மெலிந்தான். தண்ணீர்ப் போத்தலை வாயினின்று எடான். ஒரு பாடவேளைக்குள் இருமுறை வெளியே செல்ல அனுமதி கேட்பான். யாம் அதனைக் குழப்படி என்று எண்ணி ஒருநாள் கடிந்துகொண்டோம். பின்னர் வைத்தியசாலையில் அவனுக்கு முதலாம் வகை நீரிழிவு என்றனர். நாள்தோறும் இன்சுலின் ஊசி. அஃது எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நாட்டு மக்கள் வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டு, மருந்துகளும் தட்டுப்பாடாயின. இரண்டொரு மாதத்தில் சிறுவன் தேறினான். ஊசியின் அளவும் குறைந்தது. இந் நோயின் தொடக்கத்தில் இவ்வாறு ஒரு தேறுதல் நிகழ்வதுண்டு. இன்சுலின் சுரக்கும் கலங்களுள் எஞ்சியவை சிறிது காலம் மீண்டும் தொழிற்படுவதால் வரும் தற்காலிக நலம் அது. மேலைநாட்டு வைத்தியர் அதனைத் 'தேனிலவுக் காலம்' என்று வழங்குவர் என யாம் பின்னரே அறிந்தோம். பெற்றோர் அதனை நோய் நீங்கியதன் அறிகுறி என்று கொண்டனர். யாரோ அந்தப் பானத்தைக் கொணர்ந்து கொடுத்தனர். பானம் தொடங்கியது, ஊசி நின்றது.

எட்டாம் நாள் சிறுவன் வாந்தியெடுத்து, பெருமூச்சு வாங்கி, மூச்சில் பழவாடை வீச, அறிவு மயங்கிய நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் அனுமதிக்கப்பட்டான். மூன்று நாட்கள் கழித்தே கண்விழித்தான். வைத்தியசாலைத் தாழ்வாரத்தில் அவன் தாயார் எம்மைக் கண்டு சொன்ன சொல்லை இன்றும் யாம் மறந்திலோம். "சேர், நீங்கள் பார்த்துத் திருத்தின நோட்டீசு என்று சொன்னபடியால்தான் நாங்கள் நம்பினோம்." அவர் குரலிற் சினம் இல்லை. அதுவே எமக்கு மிகக் கடுமையாக இருந்தது.

அந் நாளிலிருந்து இப் பொருளைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தோம். எம் உயிரியல் ஆசிரிய நண்பர் விளங்கவைத்தார். விளங்காதவற்றை மீண்டும் விளங்கவைத்தார். யாம் முதலிற் கற்றது இது. அச் சிறுவனின் உடலில் எதிர்ப்புக் குறைந்திருக்கவில்லை. அவனுடைய சதையியில் இன்சுலினைச் சுரக்கும் கலங்களை அவனுடைய நிர்ப்பீடனப் படையே தாக்கி அழித்துக்கொண்டிருந்தது. அவனை வீழ்த்தியது ஊசியை நிறுத்தியமை, அதில் ஐயமில்லை. ஆயினும் எம் திருத்தத்தோடு அச்சேறிய அவ் வரியை எண்ணிப்பாருங்கள். பானம் தான் சொன்னதைச் செய்யவில்லை. செய்திருக்குமாயின், அஃது அச் சிறுவனுக்கு மேலும் கேடாக முடிந்திருக்கும்.

இங்கே தமிழாசிரியனின் அலுவல் தொடங்குகிறது. 'நோயெதிர்ப்பு' என்னும் சொல் இன்று பத்திரிகையிலும் விளம்பரத்திலும் நிலைத்துவிட்டது. எதிர்ப்பு என்றால் போர். போர் என்றால் வலிமை கூடக்கூட நன்று. எனவே 'பெருக்கும்' என்ற வினை தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. எம் ஈழத்துக் கலைச்சொல்லாக்கத்தார் வழங்கிய 'நிர்ப்பீடனம்' என்னும் சொல்லை இளைஞர் பலர் வடசொல் என்றும் வாயில் நுழையாதது என்றும் ஒதுக்குவர். யாமும் ஒருகாலத்தில் ஒதுக்கினோம். இன்று அச் சொல்லுக்கு வணக்கம் செலுத்துகின்றோம். பீடனம் என்பது வருத்துதல். நிர் என்பது இன்மை. வருத்தம் இன்மையே நிர்ப்பீடனம். அதற்குள் வாளும் வேலும் இல்லை. ஆங்கிலேயர் எடுத்தாளும் இலத்தீன் சொல்லின் வேரோ இன்னும் சுவையானது. உரோமர் அச் சொல்லை ஊர்க் கடமையினின்றும் வரியினின்றும் விலக்குப் பெற்றவனுக்கு வழங்கினர். நம் கல்வெட்டுக்களில் வரி நீக்கிய நிலத்தை 'இறையிலி' என்பார்களே, ஏறத்தாழ அதே கருத்து. நோய்க்கு இறை இறுக்காதவன் என்று கொள்ளலாம். ஆக, இலத்தீனும் வடமொழியும் சொல்லாத போரை நாம்தான் இச் சொல்லுக்குள் இட்டு நிரப்பியுள்ளோம். 'பிறபொருளெதிரி' என்ற சொல்லும் அத்தகையதே. அது தன் உடலையே தாக்கும்போது அதனைத் 'தன்பொருளைத் தாக்கும் பிறபொருளெதிரி' என்று எழுத நேர்கிறது, மாணவன் சிரிக்கின்றான்.

இனி உடலின் உள்ளே நிகழ்வதைச் சொல்வோம். மார்பென்பின் பின்னே, இதயத்தின் மேற்புறத்தில், தைமசு என்னும் சுரப்பி உளது. குழந்தைப் பருவத்திற் பெரிதாக இருந்து, பூப்புப் பருவத்தின் பின் சுருங்கிக் கொழுப்பாகிவிடும் உறுப்பு இது. நெடுங்காலம் இதனைப் பயனற்ற எச்சம் என்றே கருதினர். 1961இல் இலண்டனில் ஆய்வு செய்த ஜாக் மில்லர், பிறந்த உடனேயே தைமசு அகற்றப்பட்ட எலிக்குட்டிகள் நோய்த்தொற்றைத் தாங்கமாட்டாது இளைத்து இறந்தமையைக் கண்டு, நிர்ப்பீடனத்துக்கு இச் சுரப்பி இன்றியமையாதது என்று நிறுவினார். இங்கே முதிரும் வெண்குழியங்களுக்கு, சுரப்பியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு, 'ரி-கலம்' என்று பெயர் வந்தது.

ரி-கலம் ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பில் ஒரு வாங்கியைத் தாங்கி நிற்கும். அவ் வாங்கியின் வடிவம் பரம்பரையலகுத் துண்டுகளைச் சீட்டுக் கலைப்பது போலக் கலைத்துச் சேர்ப்பதால் அமைவது. இனி வரப்போகும் கிருமி எது என்று உடல் அறியாது; ஆதலின் எண்ணிறந்த வடிவங்களை முன்கூட்டியே செய்து வைக்கிறது. அவற்றுட் சில தன் உடலின் பொருளுக்கே பொருந்திவிடுதல் தவிர்க்க இயலாதது. எனவே தைமசில் தேர்வு நடைபெறுகிறது. உடலின் சொந்தப் புரதத் துண்டுகள் காட்டப்படும். அவற்றை இறுகப் பற்றும் கலம் அங்கேயே மடியும். எதனையும் உணரவியலாத கலமும் மடியும். தைமசுக்குள் நுழைவனவற்றுள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவையே வெளியேறுகின்றன. எம் பரீட்சைப் பெறுபேறுகளைக் குறை கூறுவோர் இதனைச் சற்றே கவனிக்க.

இதில் ஒரு வியப்பு. சதையியில் மட்டும் உண்டாகும் இன்சுலினை, மார்பிலுள்ள தைமசுக் கலம் எவ்வாறு காட்டும்? 'ஏயர்' எனப் பெயரிடப்பட்ட ஒரு பரம்பரையலகு, தைமசின் உட்பகுதிக் கலங்களைத் தூண்டி, உடலின் பல்வேறு அங்கங்களின் புரதங்களைச் சிறிது சிறிதாக அங்கேயே ஆக்குவிக்கிறது. இன்சுலினும் அவ்வாறே அங்கே காட்டப்படுகிறது. அப் பரம்பரையலகு பழுதுற்றுப் பிறந்தவர்க்குப் பல சுரப்பிகள் தம் படையாலேயே தாக்குண்டு அழியும்.

ஆயினும் எத் தேர்வும் முழுமையானதன்று. தப்பி வெளியேறும் கலங்கள் நம் எல்லாரிடத்தும் உள. அவ்வாறாயின் நாம் ஏன் நோயின்றி உலவுகின்றோம்? இவ் வினாவுக்கு விடை தந்தோர்க்கே 2025ஆம் ஆண்டின் உடற்றொழிலியல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. யப்பானியரான சிமோன் சக்காகுச்சி, அமெரிக்கரான மேரி பிரங்கோ, பிறெட் றாம்ஸ்டெல் என்போர் அம் மூவர். பரிசுச் செய்தி வந்த நாளில் றாம்ஸ்டெல் தொலைபேசித் தொடர்புக்கு எட்டாது மலைப்புறத்தில் நடைப்பயணத்தில் இருந்தார் எனவும், பிரங்கோ சுவீடனிலிருந்து வந்த அழைப்பை வீண் அழைப்பென்று புறக்கணித்தார் எனவும் செய்தித்தாள்கள் எழுதின. அவர்களை எமக்கு மிகவும் பிடித்துவிட்டது.

கதை இவர்களுக்கு முன்னரே தொடங்குகிறது. 1969இல் யப்பானின் நகோயா நகரில் நிசிசுக்கா, சக்காகுரா என்னும் ஆய்வாளர் இருவர், எலிக்குட்டிகளின் தைமசைப் பிறந்த மூன்றாம் நாளில் அகற்றினர். எதிர்ப்பு வலுக் குறையும் என்றே எவரும் எண்ணுவர். நிகழ்ந்தது வேறு, பெண் எலிகளின் சூலகங்கள் அழிந்தன. ஏழாம் நாளில் அகற்றியபோது அத் தீங்கு தோன்றவில்லை. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே தைமசினின்று ஏதோ ஒன்று வெளியேறியிருத்தல் வேண்டும். தாக்குவதன்று, தாக்குதலைத் தடுப்பது.

பின்னர் அதே நகரின் புற்றுநோய் ஆய்வு நிலையத்திற் சேர்ந்த சக்காகுச்சி இப் புதிரைப் பற்றிக்கொண்டார். நலமுள்ள எலியின் ரி-கலங்களை அக் குட்டிகளுக்கு ஏற்றியபோது அவை நோயினின்றும் காக்கப்பட்டன. காக்கும் கலம் ஒன்று உளது என்பது உறுதியாயிற்று; அதனை மற்றவற்றினின்றும் பிரித்து அடையாளம் காட்டுவது எங்ஙனம்?

அக் காலத்தில் இத்தகைய கூற்றை எடுத்துரைப்பதே ஆய்வாளர்க்கு இழுக்காயிற்று. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கரான கேர்சன் முதலானோர் 'அடக்கும் ரி-கலம்' என்றொன்றைக் கூறியிருந்தனர். நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்தன. அக் கலங்களுக்குரியது எனக் கூறப்பட்ட ஒரு பரம்பரையலகு குறித்த இடத்திலேயே இல்லை என்று 1980களின் தொடக்கத்தில் வெளிப்பட்டது. கோபுரம் சரிந்தது. அதன் பின் அச் சொல்லை உச்சரிப்போரை அறிஞர் உலகம் ஏளனத்தோடு நோக்கியது. ஒரு சொல்லின் மேல் விழுந்த பழி ஒரு மெய்ப்பொருளையே பல்லாண்டு மறைத்துவிட்டது என்பதைத் தமிழ் கற்பிப்போர் நன்கு கவனித்தல் வேண்டும். சக்காகுச்சி பத்தாண்டுக்கு மேலாக ஆரவாரமின்றி உழைத்தார். 1995இல், சீ.டீ.25 என்னும் புரதத்தைத் தாங்கிய ரி-கலங்களே காவற் கலங்கள் என்று காட்டினார். அவற்றை நீக்கிய எஞ்சிய கலங்களைத் தைமசற்ற எலிக்கு ஏற்றினால் பல அங்கங்கள் தாக்குண்டன. காவற் கலங்களையும் சேர்த்து ஏற்றினால் தாக்குதல் நின்றது. 'அடக்கும்' என்ற பழிபட்ட சொல் பின்னர் நீங்கி, 'ஒழுங்காக்கும் ரி-கலம்' என்ற பெயர் நிலைத்தது.

மற்றைய இருவரின் கதை அமெரிக்காவின் தெனசி மாநிலத்து ஓக் றிட்ஜ் என்னும் ஊரில், அணுக்குண்டுத் திட்டத்தோடு எழுந்த ஆய்வுகூடத்தில் தொடங்குகிறது. கதிர்வீச்சின் விளைவை ஆராய வளர்த்த எலிகளிடையே, 1940களில், தானாகவே நேர்ந்த விகாரத்தால் சில ஆண் குட்டிகள் செதிலுதிரும் தோலும் வீங்கிய மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் உடையனவாய்ப் பிறந்து, சில கிழமைகளில் மடிந்தன. பழுது எக்சு நிறமூர்த்தத்தில் இருந்தது. பெண் எலிக்கு அந் நிறமூர்த்தம் இரண்டு; ஒன்று பழுதாயினும் மற்றது காக்கும். ஆண் எலிக்கு ஒன்றே. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளின் பின், 1990களில், வாசிங்டன் மாநிலத்து நிறுவனம் ஒன்றிற் பணியாற்றிய பிரங்கோவும் றாம்ஸ்டெல்லும் அப் பழுதைத் தேடத் துணிந்தனர். எக்சு நிறமூர்த்தத்தின் சங்கிலி ஏறத்தாழ 17 கோடி கண்ணிகள் கொண்டது. தேடும் பரப்பை முதலில் ஐந்து இலட்சமாகக் குறுக்கினர். அதற்குள் இருபது பரம்பரையலகுகள் இருந்தன. ஒவ்வொன்றாக ஒப்புநோக்கினர். பத்தொன்பதிற் பழுதில்லை. பழுது இருபதாவதில் இருந்தது! அதற்குப் 'பொக்சு-பீ-3' எனப் பெயரிட்டு 2001இல் வெளியிட்டனர்.

மனிதக் குழந்தைகளிடத்தும் இத்தகைய நோய் உளது. ஆண் மகவு பிறந்து சில கிழமைகளில் ஓயாத வயிற்றோட்டம், தோலழற்சி, முதலாம் வகை நீரிழிவு ஆகியன ஒருங்கே தோன்றும். தக்க சிகிச்சை இன்றேல் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே உயிர் போகும். அதற்கும் காரணம் அதே பரம்பரையலகின் பழுது என்று அவ் ஆண்டிலேயே தெளிவாயிற்று. என்புமச்சையை மாற்றீடு செய்து சிலரை வைத்தியர் காப்பாற்றியுள்ளனர். 2003இல் சக்காகுச்சியும் வேறு ஆய்வாளரும் இரு கதைகளையும் இணைத்தனர். ரி-கலத்தைக் காவற் கலமாக ஆக்குவது பொக்சு-பீ-3 என்னும் அதே பரம்பரையலகே.

அக் காவற் கலங்கள் யார் என்பதே எமக்கு மிகவும் இனித்த செய்தி. அவற்றுட் பெரும்பாலானவை தைமசின் தேர்விலேயே தோன்றுகின்றன. தன்பொருளை மிக இறுகப் பற்றுவன மடிகின்றன. சற்றே பற்றுவன தேறுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே, மடியும் விளிம்பில் நிற்கும் கலங்களுட் பல அழிக்கப்படாது, பொக்சு-பீ-3 விழித்தெழக் காவலராக நியமனம் பெறுகின்றன. தன் உடலைத் தாக்கக்கூடிய நாட்டமுடையனவே தாக்குதலைத் தடுக்கும் பணிக்கு எடுக்கப்படுகின்றன. வகுப்பில் மிகுந்த குழப்படி செய்பவனையே வகுப்புத் தலைவனாக்கும் தந்திரத்தை எம் கல்லூரியின் பழைய ஆசிரியர்கள் கையாண்டதை நினைவுகூர்வோர் இம் மலரின் வாசகருள் உளர். அவ்வாறு தலைவரானோரும் உளர்.

அவை தொழிற்படும் முறையைச் சுருங்கச் சொல்வோம். தாக்கும் கலங்கள் பெருகுவதற்கு இன்ரலூக்கின்-2 என்னும் பொருள் உணவு போன்றது. காவற் கலங்கள் அதனை மிக விரைந்து ஈர்த்து அருந்திவிடுகின்றன. சக்காகுச்சி அடையாளமாகக் கொண்ட சீ.டீ.25 அதனைப் பற்றும் கருவியின் ஓர் உறுப்பேயாம். பகைப்பொருளைக் காட்டித் தூண்டும் கலங்களிடமிருந்து அத் தூண்டுகோலைச் சீ.ரீ.எல்.ஏ.-4 என்னும் புரதத்தாற் பறித்து விழுங்கிவிடுகின்றன. அமைதிப்படுத்தும் பொருள்களையும் சுரக்கின்றன. குருதியிலுள்ள உதவி ரி-கலங்களுள் இவை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே.

தைமசுக்கு வெளியேயும், சிறப்பாகக் குடலில், சாதாரண ரி-கலங்கள் காவற் கலங்களாக மாறுவதுண்டு. உணவும் கோடிக்கணக்கான பற்றீரியாவும் நாள்தோறும் தங்கும் இடம் அது. அவற்றோடெல்லாம் போரிட்டால் குடல் புண்ணாகும். நார்ப்பொருளைப் புளிக்கச் செய்யும் பற்றீரியாவின் விளைபொருள் ஒன்று இம் மாற்றத்துக்குத் துணைபுரிவதை 2013இல் எலிகளிற் கண்டனர். இச் செய்தியைக் கொண்டு குரக்கன்மாவைப் பொதிசெய்து விற்கப் புறப்படுவார் எவரும் இம் மலரைப் படியாதிருப்பாராக. தந்தையின் கூறுகளைப் பாதியாகக் கொண்ட சிசுவைத் தாயின் உடல் தள்ளாதிருப்பதற்கும் இக் கலங்கள் உதவுகின்றன.

பொறை எக்காலும் நன்றே என யாம் சொல்ல வரவில்லை. புற்றுக்கழலை பல வேளைகளில் இக் காவற் கலங்களைத் தன்னைச் சூழ நிறுத்தித் தாக்குதலினின்றும் தப்புகிறது. அங்கே காவலை நீக்குவதே வைத்தியம். மேலே சொன்ன சீ.ரீ.எல்.ஏ.-4 என்னும் கடிவாளத்தைத் தளர்த்தும் மருந்து 2011இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அவ் வழியைத் திறந்த அலிசனுக்கு 2018இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. எம் கருத்துக்கு இதுவே வலிய சான்று. எதிர்ப்பை உண்மையிலேயே பெருக்கும் மருந்து உலகில் உளது! அது போத்தலில் அடைத்துக் கடைவாசலில் தொங்கவிடப்படுவதன்று. புற்று நோயாளிக்கு, கவனமாகக் கண்காணித்து, வைத்தியர் அஞ்சி அஞ்சிக் கொடுப்பது. ஏனெனில் கடிவாளம் தளர்ந்த படை சிலருக்குப் பெருங்குடலைத் தாக்குகிறது. சிலருக்குத் தைரொயிட்டுச் சுரப்பியைத் தாக்குகிறது. 'பன்மடங்கு பெருக்கும்' என்று யாம் ஒற்றிட்டுத் திருத்திய வரியின் மெய்ப்பொருள் அதுவேயாம்.

இக் கட்டுரையின் கருத்தைக் கேட்ட எம் உயிரியல் ஆசிரிய நண்பர் உடன்பட்டாரல்லர். "எதிர்ப்பு என்னும் சொல்லைக் குறை சொன்னால், மக்கள் தடுப்பூசியையும் ஐயுறத் தொடங்குவர். சின்னமுத்தும் இளம்பிள்ளைவாதமும் பெரிதும் குறைந்தது எதிர்ப்பினால் அன்றோ?" என்றார். அவர் கூறியது தக்க தடையே. ஓர் இரவு முழுதும் எண்ணினோம். ஆயினும் தடுப்பூசி படை முழுவதையும் வெறியூட்டுவதன்று. இன்ன பகைவனின் முகம் இன்னது என்று சில கலங்களுக்கு மட்டும் காட்டிக் கற்பிப்பது. கற்பித்தலும் பெருக்குதலும் ஒன்றல்ல என்பதை ஆசிரியர் நாமே மாணவர்க்குச் சொல்லாவிடின் வேறு யார் சொல்வார்? 'எதிர்ப்பைப் பெருக்கு' என்னும் முழக்கத்தை விடுத்து, எதனை எதிர்ப்பது, எதனைப் பொறுப்பது என்று கற்பித்தால், தடுப்பூசியின் அருமையும் அதனாலேயே விளங்கும். நண்பர் இதனைப் பாதி ஏற்றார்.

சொல்லைப் பற்றியும் அவரோடு வழக்காடினோம். தன் உடலைத் தாக்காதிருக்கும் இத் தன்மையை இன்று பலர் 'சகிப்பு' என்று எழுதுகின்றனர். சகித்தல் வலியற்றவனும் செய்யக்கூடியது. வேறு வழியின்றித் தாங்குதல். 'பொறை' என்பது வேறு. ஒறுக்கும் ஆற்றலுடையவன் ஒறாதிருப்பதே பொறை. வள்ளுவர் பொறையுடைமை என ஓர் அதிகாரமே வகுத்தார். உடலின் செய்தி இதுவேயன்றோ? தாக்க வல்ல கலம் தாக்காதிருக்கின்றது. அதற்கெனக் காவலும் உழைப்பும் செலவிடப்படுகின்றன. எனவே 'தற்பொறை' என்னும் சொல்லை யாம் முன்வைக்கின்றோம். ஒழுங்காக்கும் ரி-கலத்தைப் 'பொறைக்கலம்' எனலாமா என்றும் கேட்டோம். பொறை என்றால் சுமையுமாம். "சுமைக்கலம் என்று பையன்கள் விடைத்தாளில் எழுதுவர்" என்று நண்பர் நகைத்தார். பரீட்சைத் திணைக்களத்தார் எச் சொல்லைக் கேட்கின்றனரோ அதனையே மாணவர் எழுதுக. எம் சொல்லைத் தமிழ்மன்றத்தார் ஆராய்க.

இவ் உடற்செய்தியை நாட்டுக்கும் அரசியலுக்கும் ஏற்றி உரைப்பார் உளர். தான் பிறன் என்னும் சொற்கள் அதற்கு இடந்தரும். யாம் அவ் வழி செல்லோம். எலியின் மண்ணீரலிலிருந்து மனிதர்க்கு நீதி பெறுவதில் எமக்கு நம்பிக்கையில்லை. ஓர் அறிவியற் செய்தி தன் பொருளாலேயே பயன் தந்தால் அதுவே எமக்கு அமையும்.

எம் கல்லூரிச் சுகாதார அறையின் சுவரில், ஈட்டி ஏந்திய வீரன் கிருமியைக் குத்தும் படம் ஒன்று நெடுங்காலமாக உளது. அதனை அழிக்க வேண்டா. அருகே, வீரனின் தோளைத் தொட்டு நிறுத்தும் இன்னொருவனையும் வரைவிக்கும்படி பழைய மாணவர் சங்கத்தாரை வேண்டுகின்றோம். செலவு ஓர் ஓவியனின் இரண்டுநாட் கூலியே. அதனோடு, முதலாம் வகை நீரிழிவின் அறிகுறிகளை, அஃதாவது மிகுந்த தண்ணீர் விடாய், அடிக்கடி சிறுநீர் கழித்தல், காரணமின்றி மெலிதல் என்பவற்றை, ஆசிரியர் ஓய்வறையிலும் எழுதித் தொங்கவிடுதல் நன்று. வெளியே செல்ல அனுமதி கேட்ட ஒரு பிள்ளையை யாம் கடிந்தது போல் இன்னொருவர் கடியாதிருத்தல் வேண்டும். இந் நோய்க்கு முன்னர் மருந்தே இல்லை. 1922 சனவரியில் ரொறன்ரோ நகரில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கே முதன்முதல் இன்சுலின் ஏற்றினர். ஏறத்தாழ எம் மாணவனின் வயது.

பானம் விற்பவரிடம் யாம் நேரிற் சென்றோம். அவர் தீயவர் அல்லர். தம் பிள்ளைகளுக்கும் அதனையே கொடுக்கின்றார். யாமும் தடிமன் வந்தால் மல்லிக் குடிநீர் அருந்துபவரே; அதனைக் குறை சொல்லோம். நிகழ்ந்ததைக் கூறி அவ் வரியை நீக்குமாறு வேண்டினோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "சேர், அந்த வரியைப் பார்த்துத்தான் சனங்கள் வாங்குகினம்" என்றார். அடுத்த முறை அச்சிட்ட தாளில், 'இன்சுலின் ஊசியையோ வைத்தியர் தந்த மருந்தையோ நிறுத்த வேண்டாம்' என்று கீழே ஒரு வரி சேர்த்திருந்தார். மேல்வரி அவ்வாறே உளது. ஒற்று இரண்டும் பிழையின்றி உள.

மாணவன் நலமாக உள்ளான்; உயர்தரத்தில் உயிரியற் பிரிவைத் தேர்ந்தெடுத்தான். மதிய உணவுக்கு முன் ஊசியேற்றிக்கொள்ள எம் ஓய்வறையின் மூலையிலுள்ள நாற்காலியை அவனுக்கென ஒதுக்கியுள்ளோம். இக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவனிடமே படிக்கக் கொடுத்தோம். பொக்சு-பீ-3 இருக்கும் நிறமூர்த்தத்தை யாம் ஓரிடத்தில் மாற்றி எழுதியிருந்தோம். அதனைச் சிவப்பு மையால் வெட்டித் திருத்தித் தந்தான்.